வாளிக்கு மேல் குவிந்த தக்காளி

இலவசமாகக் கொடுத்த கண்ணாடியை ஒரு தொழிலாளி ஏன் போட்டுக்கொள்ள மாட்டார்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தென்மேற்கில், ஆரஞ்சுத் தோப்புகளும் தக்காளி வயல்களும் சூழ்ந்த இம்மொகாலி என்ற ஊரில், இருபது ஆண்டுகளுக்கு முன் சிலர் இந்தக் கேள்வியோடு அலைந்தார்கள். ஆரஞ்சு பறிப்பவர் ஏணியில் ஏறி, தோளில் தொங்கும் கித்தான் பையில் நாற்பது கிலோ வரை பழத்தைச் சுமந்தபடி, கிளைகளுக்குள் தலையை நுழைத்துத்தான் பறிக்க வேண்டும். காய்ந்த சுள்ளி கண்ணில் குத்தும். இலைமேல் படிந்த தூசியும் மருந்தும் வியர்வையோடு கலந்து கண்ணுக்குள் இறங்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதன் விலையும் அதிகமில்லை. ஆனால் போட்டிருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

காரணம் தேடப் போனவர்கள் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். ஊர்க்காரர்களையும் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டு, சிட்ரஸ் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு கூட்டமைப்பாகப் போனார்கள். தோப்பிலேயே நின்று பார்த்தார்கள், கேட்டார்கள். விடை அப்படியொன்றும் மர்மமாக இல்லை. கண்ணாடியில் ஆவி படிந்து மங்குகிறது. துடைக்க ஒரு கை வேண்டும். ஒரு கை ஏணியில் இருக்கிறது, மறு கை பழத்தில் இருக்கிறது. கூலியோ மணிக்கணக்கில் வருவதில்லை, பறித்த அளவுக்குத்தான் வருகிறது. கண்ணாடி துடைக்கும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

நம் ஊரிலும் சரி, அங்கேயும் சரி, பணியிட விபத்து என்றதும் அதிகாரிகள் முதலில் நாடும் மருந்து விழிப்புணர்வு முகாம். அந்தச் சொல்லே, தொழிலாளி தூங்கிக்கொண்டிருக்கிறார் என்ற அனுமானத்தில் பிறந்ததுபோல எனக்குப் படும். ஆரஞ்சு மரத்தில் தொங்குகிறவருக்குச் சுள்ளி கண்ணைக் குத்தும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார்.

இந்தக் கூட்டமைப்பு அதைப் புரிந்துகொண்டது. எந்தக் கண்ணாடி என்பதைத் தொழிலாளர்களே தீர்மானித்தார்கள். அவர்கள் சொன்ன மாற்றங்களோடு கண்ணாடி வந்தது. பறிப்புக் குழுக்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். லத்தீன் அமெரிக்கச் சமூகங்களில் இப்படிப்பட்டவர்களை ‘ப்ரொமோதோர்’ என்பார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்து சொல்வதற்கும், பக்கத்து ஏணியில் நிற்பவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, ‘போட்டுப் பார், பறிப்பு குறையவில்லை’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மொழியும் ஒரு காரணம். இம்மொகாலிக்கு வருகிறவர்கள் மெக்சிகோ, குவாதமாலா, ஹைத்தி நாட்டவர்கள். அவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழிதான். வீட்டில் பேசுவது ஏதோ ஒரு மாயா மொழியாகவோ ஹைத்தியின் கிரியோலாகவோ இருக்கும். ஸ்பானிய மொழியில் சுவரொட்டி அடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள், தமிழ்நாட்டில் வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளிக்கு இந்தியில் அறிவிப்புப் பலகை வைப்பவர்களின் அண்ணன்மார்.

இரண்டு பறிப்புப் பருவங்கள் முடிவதற்குள் பலன் தெரிந்தது. இரண்டு சதவீதத்துக்கும் கீழே இருந்த கண்ணாடிப் பழக்கம் 28 முதல் 37 சதவீதம் வரை உயர்ந்தது. இதற்கு முன்பே அமெரிக்காவின் வட மத்தியப் பகுதியில் 34 பண்ணைகளில் 786 தொழிலாளரிடையே நடந்த ஓர் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியிருந்தது. கண்ணாடியைச் சும்மா விநியோகித்த இடங்களைவிட, சமூகத்தைச் சேர்ந்த நலப்பணியாளர் கண்ணாடியோடு பயிற்சியும் கொடுத்த இடங்களில் கூடுதல் பேர் அணிந்தார்கள். பொதுச் சுகாதார ஆய்விதழ்களில் இவை வெற்றிக் கதைகள். அந்தப் பெயருக்குத் தகுதியும் உண்டு.

ஆனால் அந்த எண்ணைத் திருப்பிப் படித்தால் இன்னொன்று தெரிகிறது. நல்ல கண்ணாடி, இலவசம், சொல்பவர் சொந்தக்காரர்போல. இத்தனைக்குப் பிறகும் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் வெறுங்கண்ணோடுதான் மரமேறினார்கள். அன்பாகச் சொல்வதற்கு எட்டும் எல்லை அதுவரைதான் என்று நினைக்கிறேன். அதற்கு அப்பால் கூலிமுறை நிற்கிறது. அதைத் தொட எந்த நலக் கூட்டமைப்புக்கும் அதிகாரம் கிடையாது. அந்த எல்லைக்கு அப்பால் போன வேறு ஒரு கூட்டு முயற்சி அதே ஊரில், ஆரஞ்சுக்குப் பதில் தக்காளியில் நடந்தது. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

இம்மொகாலி என்றால் அங்கிருந்த பூர்வகுடிகளின் மொழியில் ‘என் வீடு’ என்று பொருள். வருகிறவர்களில் பலருக்கு அங்கே வீடு கிடையாது. பருவம் முடிந்ததும் அடுத்த விளைச்சலைத் தேடி வடக்கே போய்விடுவார்கள். விடியுமுன்பே ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில் பழைய பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும். ஆள் பொறுக்கி ஏற்றிக்கொண்டு போவார் குழுத் தலைவர். ஆள் சேர்ப்பது, வண்டியில் கொண்டுபோவது, வீடு கொடுப்பது, கூலி பட்டுவாடா செய்வது, பிடித்தம் செய்வது எல்லாம் அவர்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் ஆள் கொண்டுபோன கங்காணியை அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பறித்த தக்காளியை வாளியில் நிரப்பி, தோளில் ஏற்றி, வரப்போரம் நிற்கும் லாரிக்கு ஓட வேண்டும். வாளிக்கு 32 பவுண்டு, அதாவது பதினான்கரைக் கிலோ. லாரிமேல் நிற்பவர் வாளியைக் கொட்டிக்கொண்டு ஒரு வில்லையைக் கொடுப்பார். வில்லைகளின் எண்ணிக்கைதான் கூலி. 1980இல் வாளிக்கு 40 சென்ட் என்றால், இருபது ஆண்டுகள் கழித்தும் 45 சென்ட்தான். அன்றைய குறைந்தபட்சக் கூலியை எட்டவே ஒரு நாளில் இரண்டு டன்னுக்கு மேல் பறித்துத் தூக்கியாக வேண்டும்.

இங்கேதான் வாளியின் விளிம்பு முக்கியமாகிறது. 32 பவுண்டு என்பது தலைதட்டிய அளவு. ஆனால் கங்காணிகள் தலைதட்டிய வாளியை ஏற்பதில்லை. விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவிந்திருந்தால்தான் வில்லை. பத்து வாளி குவித்தால் ஒரு வாளி தக்காளி கூலியில்லாமல் போனது. நம் களத்துமேட்டில் மரக்காலை வைத்து நடந்த ஏமாற்றும் சண்டையும் இதே ரகம். குவியல் போதவில்லை என்றால் லாரிமேல் இருப்பவர் வாளியைத் தொழிலாளியின் மேலேயே வீசுவார். எதிர்த்துப் பேசினால் அடி. ஆக, வயலில் நடந்த கைகலப்பில் பெரும்பகுதி அந்த விளிம்பில்தான் தொடங்கியது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து பார்த்தால் வாளியில் ஓட்டை இருக்கிறதா, கைப்பிடி உறுதியா என்றுதான் சோதிப்பார். வாளி எவ்வளவு நிரம்ப வேண்டும் என்ற கேள்வி எந்தப் பாதுகாப்புப் படிவத்திலும் இல்லை.

1993இல் உள்ளூர்த் தேவாலயத்தில் கடன் வாங்கிய ஓர் அறையில் சில தொழிலாளர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். இம்மொகாலித் தொழிலாளர் கூட்டணி அப்படி உருவானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாதவர்களும் இருந்ததால் படம் வரைந்து, நாடகம் போட்டுப் பேசினார்கள். ஹைத்தியிலும் குவாதமாலாவிலும் விவசாயச் சங்கங்களில் இருந்தவர்கள் சிலர் கூடவே வந்திருந்தார்கள். ‘படிப்பறிவு இல்லாத கூலிகள்’ என்று ஊர் நினைத்தவர்களிடம் அமைப்பு கட்டும் அனுபவம் ஏற்கெனவே இருந்தது. பின்னாளில் சொந்தமாக ஒரு சிறு வானொலி நிலையமும் வைத்துக்கொண்டார்கள்.

1996இல் ஒருநாள் பதினாறு வயதுப் பையன் ஒருவன் அந்த அறைக்கு வந்தான். குவாதமாலாக்காரன். சட்டை முழுக்க ரத்தம். வேலைக்கு நடுவே தண்ணீர் குடிக்க நின்றதற்காகக் கங்காணி அடித்திருந்தார். அந்தச் சட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சுமார் ஐந்நூறு பேர் இரவில் கங்காணியின் வீட்டுக்கு ஊர்வலம் போனார்கள். ஒருவனை அடித்தால் எல்லோரையும் அடித்ததுபோல என்பதுதான் அவர்கள் எழுப்பிய முழக்கம். மறுநாள் அந்தக் கங்காணியின் பேருந்தில் ஏற ஆளில்லை.

வெயிலில் தண்ணீர் குடிக்கச் சொல்லித் துண்டறிக்கை அடிக்காத சுகாதாரத் துறை உலகத்தில் இல்லை. அந்தப் பையனுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது தெரியாமலா இருந்தது?

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். அமெரிக்காவில் சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமையைத் தந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளரை வெளியே நிறுத்தியது. கூடுதல் நேரக் கூலியை வகுத்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுக்கு அதைத் தரவில்லை. 1970இல் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பத்து அல்லது அதற்குக் குறைவான ஆட்கள் வேலை செய்யும் பண்ணைகளில் அதை அமலாக்கப் பணம் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் நிதி மசோதாவில் தொடர்ந்து ஒரு வரி சேர்த்து வருகிறது. வயலில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்ற விதிக்காகத் தொழிலாளர் தரப்பு 1972இல் மனுக் கொடுத்தது. நீதிமன்றம் இழுத்துப் பிடித்த பிறகு 1987இல்தான் அது வந்தது. பதினைந்து ஆண்டுகள், ஒரு கழிப்பறைக்கு. இருக்கும் சட்டத்தையும் யார் கூப்பிடுவது? பயிர்த் தொழிலாளரில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு முறையான குடியேற்ற ஆவணம் இல்லை. பருவகால விசாவில் வருகிறவருக்கோ வேலை கொடுத்தவரை விட்டால் விசாவும் போய்விடும். அதிகாரியிடம் புகார் செய்வது என்பது, அவருக்கு, ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டைத் தானே வாங்குவதுபோல.

வேலை நிறுத்தம், உண்ணாவிரதம், நெடும்பயணம் என்று தொழிலாளர்கள் பல ஆண்டுகள் பண்ணை முதலாளிகளோடு மோதினார்கள். பெரிதாக ஒன்றும் நகரவில்லை. பிறகு ஒன்று உறைத்தது. முதலாளியின் கழுத்திலும் ஒரு கை இருந்தது. துரித உணவுக் கடைகளும் பேரங்காடிகளும் மொத்தமாக வாங்கி விலையை நசுக்க, முதலாளி கங்காணியை நசுக்க, கங்காணி வாளியைக் குவிக்கச் சொன்னார். ஆகவே 2001இல் டாக்கோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். மாணவர்களும் தேவாலயங்களும் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில், 2005 மார்ச்சில், அதன் தாய் நிறுவனம் இறங்கி வந்தது. கேட்டவை இரண்டு: பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதல் விலை, தொழிலாளர் வகுத்த நடத்தை விதிகளை மீறும் பண்ணையிடமிருந்து தக்காளி வாங்குவதில்லை என்ற ஒப்பந்தம். மெக்டொனால்ட்ஸ் 2007இல் வந்தது, பர்கர் கிங் 2008இல், வால்மார்ட் 2014இல். 2010 நவம்பரில் புளோரிடா தக்காளி விளைவிப்போர் சங்கம் கையெழுத்திட்டதும், மாநிலத்தின் தக்காளி வயல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. ‘நியாய உணவுத் திட்டம்’ என்று அதற்குப் பெயர்.

பவுண்டுக்கு ஒரு சென்ட் என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். வாங்குவோர் அனைவரும் கொடுத்தால் வாளிக்கு 32 சென்ட். 45 சென்ட் கூலி வாங்கியவருக்கு அது என்ன என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் பணத்தைவிட இரண்டாவது நிபந்தனைதான் வயலை மாற்றியது என்பேன்.

விதிகளில் முதலில் தீர்ந்தது வாளி. எந்த அளவு நிரம்பினால் ஒரு வாளி என்று படம் போட்டே காட்டிவிட்டார்கள். குவியல் ஒழிந்தது, அதோடு லாரியடிச் சண்டையும் ஓய்ந்தது. வயலுக்கு வந்த நிமிடத்திலிருந்து நேரம் பதிய வேண்டும் என்று ஆனது. முன்பெல்லாம் விடியுமுன் கொண்டுவந்து, பனி காயும்வரை சம்பளமில்லாமல் மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்திருப்பதற்கும் காசு தர வேண்டும் என்றவுடன் பேருந்துகள் தாமதமாகப் புறப்படத் தொடங்கின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போக முடிந்தது. வயலில் நிழற்பந்தல் வந்தது. மின்னல் வெட்டினாலோ, மருந்து நெடி வந்தாலோ, வெயில் தாங்கவில்லை என்றாலோ வேலையை நிறுத்திவிட்டு வெளியேறும் உரிமை எழுத்தில் வந்தது. ஒவ்வொரு பண்ணையிலும் தொழிலாளர் அமர்ந்து பேசும் பாதுகாப்புக் குழு அமைந்தது.

இந்த உரிமைகளைச் சொல்லித்தரும் வகுப்பு வேலை நேரத்தில், கூலியோடு நடக்கிறது. நடத்துபவர்கள் கூட்டணித் தொழிலாளர்கள், நேற்றுவரை வாளி தூக்கியவர்கள். ஆரஞ்சுத் தோப்பின் ப்ரொமோதோரும் இவரும் ஒரே ஆள்தான் என்று சொல்லலாம். ஆனால் அவர் கையில் கண்ணாடி இருந்தது. இவர் கையில் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். புகாரை விசாரிப்பது, இதற்கென்றே அமைந்த நியாய உணவுத் தரக் குழு. அதன் தணிக்கையாளர்கள் பண்ணைக்குப் போனால் அங்கிருக்கும் தொழிலாளர்களில் குறைந்தது பாதிப்பேரிடம் பேசியாக வேண்டும். புகார் செய்தவரைப் பழிவாங்கினாலோ, குறையைத் திருத்த மறுத்தாலோ அந்தப் பண்ணை இடைநீக்கம். இடைநீக்கமான பண்ணையிடம் வால்மார்ட் வாங்காது. சீக்கிரம் அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் நிற்பதைவிடப் பெரிய அபராதம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

வழக்கமான நிறுவனத் தணிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அது சர்வதேசத் தரச்சான்று பெற்றிருந்தது. சான்று கொடுக்க வருகிறவர் கோப்பைப் பார்க்கிறார். பூட்டிய கதவு அதற்குப் பின்னால் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

வெயிலுக்கு வருவோம். 1992 முதல் 2006 வரை அமெரிக்காவில் வேலையிடத்து வெப்பத்தால் 423 பேர் இறந்ததாக நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு. அவர்களில் 68 பேர் பயிர்த் தொழிலில் இருந்தவர்கள். மற்ற தொழிலாளரோடு ஒப்பிட்டால் இவர்களுடைய இறப்பு வீதம் கிட்டத்தட்ட இருபது மடங்கு. வெளியிடத்து வெப்பச் சாவுகளில் பாதிக்கு மேல் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் நடக்கின்றன. வெயிலுக்கு உடல் பழகுவதற்குள் மற்றவர்களுக்கு ஈடாக ஓட நினைக்கும் புதியவர்தான் விழுகிறார். வாளிக் கணக்கில் கூலி என்றால் யார்தான் மெதுவாக ஓடுவார்? 2021இல் நியாய உணவுத் திட்டம் கோடை மாதங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட நிழல் ஓய்வைக் கட்டாயமாக்கியது. ‘வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று விட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2024இல் புளோரிடா மாநில அரசு ஒரு சட்டம் இயற்றியது. மாவட்ட, நகர நிர்வாகங்கள் வெளியிடத் தொழிலாளருக்குத் தங்கள் அளவில் வெப்பப் பாதுகாப்பு விதி எதையும் கொண்டுவரக் கூடாது என்பது அதன் சாரம். மயாமி டேட் மாவட்டம் அப்படி ஒரு விதியை முந்தைய ஆண்டுதான் யோசித்துக்கொண்டிருந்தது. நாடு முழுமைக்குமான வெப்ப விதி அப்போதும் வரைவாகத்தான் இருந்தது. ஒரே வெயிலில், ஒரே சாலையின் இந்தப் பக்கத்துத் தக்காளி வயலில் பத்து நிமிட நிழல் கட்டாயம். அந்தப் பக்கத்துக் கட்டட வேலையில் மேஸ்திரியின் மனசு.

குறைகளும் உண்டு. அமெரிக்கக் கடைகளுக்கு வரும் பதப்படுத்தாத தக்காளியில் பெரும்பங்கு இப்போது மெக்சிகோவிலிருந்து வருகிறது. அங்கே போட்டி போடும் பண்ணைகளுக்கு இந்த விதிகளின் செலவு இல்லை. திட்டம் முழுவதும் சில பெரிய நிறுவனங்களின் கையெழுத்தில் தொங்குகிறது. நுகர்வோர் முகத்துக்கு அஞ்சும் நிறுவனங்களிடம்தான் இது செல்லும். சாலை போடுகிறவருக்கோ, கோழி வெட்டும் ஆலையில் இருப்பவருக்கோ, வீடு துடைக்கும் பெண்ணுக்கோ இதே வழியைக் காட்டிவிட முடியாது. அரசு செய்ய வேண்டியதைச் சந்தை செய்கிறதே என்று கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம்தான்.

என்றாலும் விதை பரவியிருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் 2009இல் சாணம் தள்ளும் எந்திரத்தில் சிக்கி ஒரு மெக்சிகோ இளைஞர் இறந்த பிறகு பால்பண்ணைத் தொழிலாளர்கள் அமைப்பானார்கள். 2017இல் பென் அண்ட் ஜெர்ரீஸ் ஐஸ்கிரீம் நிறுவனத்தோடு இதே மாதிரி ஒப்பந்தம் போட்டார்கள். அந்த மாதிரி நம் பக்கத்துக்கும் வந்தது. திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியதில் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய நிறுவனங்கள் கையெழுத்திட்டன. தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். இம்மொகாலியின் வாளி சொன்ன அதே பாடம் அந்தத் தையல் வரிசையிலும் நடந்தது.

புளோரிடாவின் மிகப் பெரிய மளிகைக் கடைத் தொடர் பப்ளிக்ஸ். அதன் தலைமையகம் அதே மாநிலத்தின் லேக்லேண்ட் நகரில் இருக்கிறது. பவுண்டுக்கு ஒரு சென்ட் கேட்டு இம்மொகாலித் தொழிலாளர்கள் 2009இல் அதன் கடை வாசல்களில் நிற்கத் தொடங்கினார்கள். அந்த நிறுவனம் இன்னும் கையெழுத்திடவில்லை.